ராஜா எழுதியதை ராஜா மொழிபெயர்த்தது

(ராஜபாளையத்தில் நூலக வாசகர்கள் கூடிய ஒரு மாலைக் கூட்டத்தில் பேசியதன் அச்சு வடிவம்)



மதுரையிலிருந்து பஸ்ஸில் வந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் வண்டி நின்றதும் பால்கோவாவோடு இரண்டு பேர் ஏறினார்கள். ஒருவர் ‘பால்கோவா’ என்று ஒரே மூச்சில் கூவினார். அடுத்தவர் ‘பால்... கோவா’ என்று நடுவில் மூச்சு விட்டார். வாங்கித் தின்கிறவருக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு அப்படியில்லை. அந்த ஒரு மூச்சு இடைவெளியில் அது அரபிக்கடல் வரைக்கும் போய்விடும். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

தேடுபொறி பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறீர்கள். உலகத்தையே தேடும் பெரிய கம்பெனிகளைப் பற்றி நான் பேசப்போவதில்லை. நான் அறிந்தது ஒரு நூலகத்தின் நூற்பட்டியலைத் தேடும் சின்ன இயந்திரம். நண்பர்கள் சேர்ந்து அதைக் கட்டினோம். எந்த நூலகம் என்பது வேண்டாம், தவறெல்லாம் எங்களுடையது.

சோதனை நாளில் ஒரு மூதாட்டி வந்தார். கணினியில் அடித்துப் பாருங்கள் என்று உட்கார வைத்தோம். நிதானமாக, எழுத்து எழுத்தாகத் தேடி அடித்தார்: ‘ராஜா எழுதின ஆண்டாள் கதை’. திரையில் வந்த பதில்: முடிவுகள் இல்லை.

நூலகர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. “எந்த ராஜாம்மா? எழுதுன ராஜாவா, மொழிபெயர்த்த ராஜாவா?” என்றார். “ரெண்டு பேரும்தான்” என்றார் அந்த அம்மா. நூலகர் எழுந்து போய், இரண்டாவது அலமாரியில் கைவைத்து எடுத்து வந்து கொடுத்துவிட்டார்.

உங்களில் பலருக்கு அது எந்தப் புத்தகம் என்று இதற்குள் தெரிந்திருக்கும். ‘ஆமுக்த மால்யதா’. பதினாறாம் நூற்றாண்டில் கிருஷ்ணதேவராயர் தெலுங்கில் எழுதிய காவியம். தலைப்புக்குப் பொருளே சூடிக் கொடுத்தவள் என்பதுதான். கதை நடக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் இங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். அதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் உங்கள் ஊர்க்காரர், மு. கு. ஜகந்நாத ராஜா. சாகித்திய அகாதெமியின் மொழிபெயர்ப்பு விருது அதற்கு 1989-ஆம் ஆண்டுக்குக் கிடைத்தது. ஆக, ராஜா எழுதியதை ராஜா மொழிபெயர்த்திருக்கிறார். அந்த அம்மா அடித்ததில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. அப்படியிருந்தும் இயந்திரம் கையை விரித்தது. ஏன் என்பதுதான் இன்றைய பேச்சு.

நூற்பட்டியலில் ஒரு புத்தகம் என்பது ஒரு தாள் அல்ல, பல கட்டங்கள். கணினிப் பாடநூல்கள் ‘புலம்’ என்கின்றன, நூலகத்தில் ஃபீல்டு என்பார்கள். நான் கட்டம் என்றே சொல்லிக்கொண்டு போகிறேன். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தில் ஹென்ரியட் ஏவ்ரம் என்ற அம்மையார் 1960-களில் வகுத்த மார்க் என்ற முறை இன்றும் நம் ஊர் நூலகங்கள் வரை ஓடுகிறது. அதில் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண். ஆசிரியர் 100. தலைப்பு 245. அதே நூலுக்கு வேறு தலைப்பு இருந்தால் 246. பொருள் 650, இடம் 651. ஒரு மனிதரைப் பற்றிய நூல் என்றால் அவர் பெயர் 600-இல். மொழிபெயர்ப்பாளர் 700-இல்.

இப்போது அந்த அம்மாவின் கேள்வியை வைத்துப் பாருங்கள். ‘ஆண்டாள்’ என்ற சொல் தலைப்பில் இல்லை, 600-இல் இருக்கிறது. ‘ராஜா’ 100-இல் இல்லை, அங்கே இருப்பவர் ராயர், 700-இல்தான் ராஜா. நாங்கள் கட்டியதோ தலைப்பையும் 100-ஐயும் மட்டும் பார்த்தது. அதுவும் அடித்த எல்லாச் சொல்லும் ஒரே கட்டத்துக்குள் இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது. ‘எழுதின’ என்ற சொல்லையும் ஒரு தலைப்பில் தேடியது, பாவம்.

கேட்கிறவர் கட்டம் பார்த்துக் கேட்பதில்லை. அவர் மனதில் புத்தகம் முழுசாக இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு சொல்லையும் எல்லாக் கட்டத்துக்கும் விரித்து அனுப்ப வேண்டும். ‘ஆண்டாள்’ தலைப்பில் இருக்கிறதா, ஆசிரியரில் இருக்கிறதா, பொருளில் இருக்கிறதா என்று தனித்தனியாகக் கேட்கவேண்டும், ‘ராஜா’வுக்கும் அப்படியே. சொல் எங்கேயாவது ஒரு கட்டத்தில் இருந்தால் போதும், ஆனால் எல்லாச் சொல்லும் கிடைத்த நூல்தான் மேலே வரவேண்டும். ‘எழுதின’, ‘கதை’ போன்றவற்றைக் கழித்துவிடலாம். கேட்க எளிது. 1999-இல் டக் கட்டிங் லூசீன் என்ற நிரலை எழுதினார் (அவர் மனைவியின் நடுப்பெயர் அது, மென்பொருளுக்குப் பெயர் வைப்பதில் இதைவிட நல்ல காரணம் நான் கேட்டதில்லை). அதன்மேல் எழுந்த சோலர், எலாஸ்டிக்சர்ச் இரண்டும் இந்த விரிப்பு வேலையைச் செய்கின்றன.

விரித்த பிறகுதான் வம்பு. மதிப்பெண்ணை எப்படிக் கூட்டுவது?

ஒரு திருப்பாவை உரைநூலை எடுத்துக்கொள்ளுங்கள். ‘ஆண்டாள்’ தலைப்பில் உண்டு, பொருளில் உண்டு, குறிப்பிலும் உண்டு. கட்டத்துக்கு 5 மதிப்பெண் என்றால் 15. நம் ஆமுக்த மால்யதாவுக்கு ‘ஆண்டாள்’ ஒரே கட்டத்தில் 5, ‘ராஜா’ ஒரு கட்டத்தில் 4, மொத்தம் 9. கண்ணை மூடிக்கொண்டு கூட்டினால் ராஜாவே இல்லாத நூல் மேலே போய் உட்காரும். ஒரே சாட்சி மூன்று முறை கூண்டில் ஏறிச் சொன்னால் மூன்று சாட்சி ஆகிவிடாது அல்லவா? அதனால் ஒரு சொல்லுக்கு எந்தக் கட்டத்தில் அதிகம் கிடைத்ததோ அதை மட்டும் எடு, மற்ற கட்டங்களிலிருந்து பத்தில் ஒரு பங்கு சேர்த்துக்கொள் என்பது வழக்கம். இப்போது உரைநூலுக்கு 6, நமக்கு 9. சோலரில் இதற்கு டிஸ்மாக்ஸ் என்று பெயர்.

அடுத்த வம்பு அரிய சொல்லுக்கு அதிக எடை என்ற விதி. கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் எழுதியது. இன்றுவரை தேடுபொறிகளின் முதுகெலும்பு. எல்லா நூலிலும் வரும் சொல்லால் பிரித்தறிய முடியாது, சிலவற்றில் மட்டும் வரும் சொல்தான் அடையாளம். நியாயமான விதி. ஆனால் அரிது என்பது எங்கே அரிது? சென்னை நூலகத்தில் ஆசிரியர் கட்டத்தில் ‘ராஜா’ என்பது ஓர் அடையாளம். ராஜபாளையத்தில்? (சிரிப்பு.) இந்த மண்டபத்தில் ‘ராஜா’ என்று கூப்பிட்டுப் பார்த்தால் தெரியும். இங்கே ஆசிரியர் கட்டத்தில் அந்தச் சொல்லுக்கு எடை காற்று மாதிரி. ஆனால் தலைப்புக் கட்டத்தில் இங்கேயும் அது அரிய சொல்தான். எடையைக் கட்டத்துக்குக் கட்டம் தனியாகப் பார்க்கவேண்டும்.

தனியாகப் பார்த்தால் எதிர்ப்பக்கத்தில் இடிக்கும். ‘ஆண்டாள்’ என்று மட்டும் ஒருவர் அடித்தார். பொருள் கட்டத்தில் ஆண்டாள் நிறைய, அதனால் எடை குறைவு. ஆசிரியர் கட்டத்தில் ஆண்டாள் அபூர்வம், எடை அதிகம். முதலில் வந்து நின்றது ஆண்டாள் பிரியதர்சினியின் கவிதைப் புத்தகம். நல்ல புத்தகம்தான். தேடியவர் மார்கழிக்குத் திருப்பாவை கேட்டு வந்தவர்.

இதுவரை சொன்னது கேட்ட சொல்லை அப்படியே வைத்துக்கொண்டு கட்டங்களுக்கு விரிப்பது. அடுத்தது சொல்லையே விரிப்பது. ஆண்டாள் என்றால் கோதை என்றும் தேடு, நாச்சியார் என்றும் தேடு. பெரியாழ்வார் என்றால் விஷ்ணுசித்தர் என்றும், பட்டர்பிரான் என்றும் தேடு. இது இல்லாமல் தமிழில் ஒன்றும் நடக்காது. ஆமுக்த மால்யதாவுக்கே ‘விஷ்ணுசித்தீயம்’ என்று ஒரு மறுபெயர் உண்டு. பெரியாழ்வாரைத் தேடி வருகிறவருக்கு அந்தப் பெயர் 246-இல் இருந்து கைகொடுக்கும்.

எங்களுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒத்த சொற்களின் பட்டியல் ஒன்றைக் கொடுத்து எல்லாக் கட்டத்திலும் விரி என்று விட்டுவிட்டோம். பட்டியலில் ராஜா, அரசர், மன்னர், வேந்தர் ஒரே வரிசையில் இருந்தன. மறுநாள் ‘ராஜா’ என்று அடித்தால் ஆசிரியர் வரிசையில் பாரதிதாசனின் மகன் மன்னர் மன்னன் வந்து நிற்கிறார், அதுவும் இரட்டை மதிப்பெண்ணோடு. பெயரிலேயே இரண்டு மன்னர் இருக்கிறாரே!

கோதையும் அப்படித்தான் காலை வாரியது. பொருள் கட்டத்தில் கோதை என்றால் பெரும்பாலும் ஆண்டாள். வரலாற்று நூல்களின் தலைப்பிலே கோதை என்றால் சேரன். மாக்கோதை, குட்டுவன் கோதை என்று சங்ககாலச் சேரர்களின் பெயர் அது. இலக்கிய நூலுக்குள்ளே போனால் கோதை வெறும் மாலை. நாச்சியார் என்று விரித்தால் வேலு நாச்சியார் வாளோடு வந்துவிடுவார்.

அப்போது எங்களில் ஒருவர், தமிழ் படித்தவர், ஒரு கேள்வி கேட்டார்: “நிகண்டு பாத்தீங்களா?” நாங்கள் பார்க்கவில்லை. கணினிக்காரர்கள் பார்ப்பதில்லை. பார்த்திருந்தால் ஒரு மாதம் மிச்சமாகியிருக்கும்.

திவாகர நிகண்டை எடுத்துப் பாருங்கள், பன்னிரண்டு தொகுதி. தெய்வப் பெயர், மக்கட் பெயர், விலங்கின் பெயர், மரப் பெயர், இடப் பெயர் என்று போகும். ஒரு பொருளுக்குப் பல பெயர்களைச் சொல்லும் நூல். அதாவது நாங்கள் செய்ததே. ஆனால் அவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டவில்லை. பெயரை எந்தத் தொகுதியில் வைக்கிறார்களோ அந்தத் தொகுதிக்குள்தான் அந்த மறுபெயர் செல்லும். அதோடு நிற்கவில்லை. பதினோராம் தொகுதி முழுக்க ஒரு சொல்லுக்குப் பல பொருள். மறுபெயர் சொல்லிக் கொடுத்த அதே ஆசிரியர், ஜாக்கிரதை, இந்தச் சொல் வேறு இடத்தில் வேறு ஆளுக்கும் பெயர் என்று தனியாக எழுதிவைத்திருக்கிறார். விரிக்கவும் ஒரு பட்டியல், விரிப்பதைத் தடுக்கவும் ஒரு பட்டியல். எங்களிடம் முதலாவது மட்டும்தான் இருந்தது.

மேற்கே ரோச்சியோ முதலானவர்கள் கேள்வியை விரிக்கும் கணக்குகளை 1970-களின் தொடக்கத்திலேயே எழுதிவிட்டார்கள். அந்தக் கணக்கைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் எந்தச் சொல்லை எந்தக் கட்டத்தில் விரிக்கலாம் என்பது கணக்கல்ல, ஊரறிவு. சீர்காழியில் பிறந்த நம் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகத்துக்கு எழுதிய ஐந்து விதிகளில் நான்காவது வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து என்பது. 1931-இல் அச்சான அந்த விதியைப் பழைய கார்டு பெட்டிகளில் ‘காண்க’ என்ற ஒரு சொல் நிறைவேற்றியது. ‘கோதை — காண்க: ஆண்டாள்’. அந்த அட்டை பொருள் பெட்டியில்தான் இருக்கும், ஆசிரியர் பெட்டியில் இருக்காது. நூலகர்களுக்கு இது தெரிந்தே இருந்தது. பெட்டியை எடுத்துவிட்டுக் கணினியை வைத்தபோது அட்டைகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டோம்; காண்கவும் அதோடு போயிற்று.

சரி, ஊர்ப்பெயருக்கு வருவோம். உங்கள் ஊரையும் பக்கத்து ஸ்ரீவில்லிபுத்தூரையும் போல ஒரு தேடுபொறியைப் படுத்தி எடுக்கும் ஊர்களை நான் கண்டதில்லை.

ராஜபாளையம், இராஜபாளையம், ராசபாளையம், இராசபாளையம். ரகரத்தில் சொல் தொடங்காது என்ற பழைய இலக்கணத்தை மதிப்பவர் இகரம் போடுவார், கிரந்தம் வேண்டாதவர் சகரம் போடுவார். நான்கும் புத்தக அட்டைகளில் உண்டு. பக்கத்து ஊருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர், திருவில்லிபுத்தூர், வில்லிபுத்தூர், சிரீவில்லிபுத்தூர். ஒற்று மிகுந்து ‘வில்லிப்புத்தூர்’ என்றும் எழுதுகிறார்கள். பத்திரிகைச் செய்திகளில் ‘ஸ்ரீவி’. கண்ணுக்குத் தெரியும் வேறுபாடுகள் இவை, எழுதிவைத்துச் சமாளிக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்த ‘ஸ்ரீ’. யூனிகோடில் அதை ஸ், ரீ என்று சேர்த்தும் எழுதலாம். 2005-இல் வந்த யூனிகோட் 4.1-இல் ஶ என்ற எழுத்து சேர்ந்தது. அதன் பிறகு ஶ், ரீ என்று சேர்த்தும் எழுதலாம். பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவம். ஸ்ரீ, ஶ்ரீ. இந்த உரை அச்சாகும்போது இந்த இடத்தைக் கூர்ந்து பார்த்தாலும் வித்தியாசம் தெரியாது என்று நினைக்கிறேன். கணினிக்கு இவை ஸ-வும் ஶ-வும், முற்றிலும் வேறு. யூனிகோடின் பொதுவான சீராக்கல் விதிகளும் இவற்றை ஒன்றாக்குவதில்லை. ஆண்டாள் பிறந்த ஊரின் முதல் எழுத்திலேயே பட்டியல் இரண்டாகப் பிளந்து கிடக்கிறது! ஒருவர் தட்டச்சு செய்த புத்தகம் அடுத்தவர் தேடும்போது அகப்படாது. ஏன் என்று திரையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் முடியாது. நாங்கள் இரண்டு நாள் முட்டிக்கொண்டோம். மூன்றாம் நாள் எழுத்துக் குறியீடுகளை எண்ணாகப் போட்டுப் பார்த்தபோதுதான் விளங்கிற்று. கௌரி என்பதைக் கெ, ள என்று தட்டுவதும் இதே சாதி.

இந்த வகையை நான் விரிப்பு என்றே சொல்லமாட்டேன். இது துடைத்துக் கழுவுவது. எந்தக் கட்டமானாலும் பதியும்போதும் கேட்கும்போதும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடவேண்டும்; அதனால் ஒருவருக்கும் நட்டமில்லை. எழுத்து வேறுபாட்டை, அதாவது ராஜ, இராச என்பதை, பெயர் வரும் கட்டங்களில் தாராளமாக விரிக்கலாம். ஒத்த பொருளுக்கு மட்டும் பொருள் கட்டத்தைத் தவிர வேறெங்கும் கதவு திறக்கக்கூடாது என்பது என் கட்சி. தலைப்புக் கட்டத்தில்கூட வேண்டாம் என்பேன். என் நண்பர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, சண்டை இன்னும் தீரவில்லை.

இடப்பெயரில் வேற்றுமை உருபும் இருக்கிறது. வில்லிபுத்தூரில், வில்லிபுத்தூருக்கு, வில்லிபுத்தூரைப்பற்றி. உருபைக் கழற்றி வேரைப் பிடிக்க நிரல் உண்டு. அதற்குக் கை நீளம். ‘வில்லிபுத்தூரார்’ என்பதிலும் ஆரைக் கழற்றி ஊராக்கிவிட்டது. வில்லிபாரதம் பாடிய வில்லிபுத்தூரார் இந்த ஊர்க்காரர் அல்ல, திருமுனைப்பாடி நாட்டுச் சனியூர்க்காரர். பெரியாழ்வார்மேல் இருந்த பக்தியால் தந்தை வைத்த பெயர் அது. இடம் 651-இல் தேடவேண்டிய ஊர் 100-இல் போய் மகாபாரதத்தைத் தூக்கிக்கொண்டு வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் தலவரலாறு கேட்டவருக்குக் குருட்சேத்திரம்.

ஆட்பெயர் முதலெழுத்துகளையும் சொல்லாமல் விடமுடியாது. சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக 1949 முதல் 1952 வரை இருந்த உங்கள் ஊர்க்காரர் நூலட்டைகளில் பி. எஸ். குமாரசாமி ராஜா, சில இடங்களில் பூ. ச. குமாரசுவாமி ராஜா. பூசபதி சஞ்சீவி என்பதன் ஆங்கில முதலெழுத்து ஒன்று, தமிழ் முதலெழுத்து ஒன்று. ‘சாமி’க்கும் ‘சுவாமி’க்கும் இடையில் வேறு ஒரு சண்டை. காந்தி கலை மன்றத்துக்கு வீட்டையே கொடுத்தவரின் பெயர் இரண்டு ஆளாகப் பதிவாகியிருந்தது.

இனி பால்கோவா. 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அதைப் பற்றிக் கட்டுரைகள் நிறைய. ‘பால் கோவா’ என்று இடைவெளி விட்டு ஒரு மாணவி அடித்தாள். இயந்திரம் நாங்கள் சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்தது: ‘பால்’ எங்கேயாவது ஒரு கட்டம், ‘கோவா’ எங்கேயாவது ஒரு கட்டம். முதலில் வந்தது பால்பண்ணைத் தொழில் பற்றிய அறிக்கை. இடம் என்ற கட்டத்தில் கோவா மாநிலம். ஒரு குறையும் சொல்லமுடியாது! இதற்கு மருந்து, அடுத்தடுத்து அடித்த சொற்கள் ஒரே கட்டத்தில் அடுத்தடுத்து வந்தால் கூடுதல் மதிப்பெண், இடைவெளியை எடுத்து ஒட்டியும் ஒரு முறை தேடல். ‘சூடிக்கொடுத்த சுடர்க்கொடி’க்கும் இதே மருந்து, முழுத்தொடராக வந்தால்தான் ஆண்டாள், சுடர்க்கொடி மட்டும் என்றால் யாரோ ஒரு கவிஞர்.

‘ராஜபாளையம்’ என்று வெளியூர்க்காரர் அடித்தால் பத்துக்கு எட்டு, நாய் வேண்டும் என்று அர்த்தம். கோபித்துக்கொள்ளாதீர்கள். அஞ்சல்துறை 2005-இல் நாட்டு நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டபோது உங்கள் வெள்ளை நாயும் அதில் ஒன்று. அங்கே ராஜபாளையம் என்பது 650, பொருள். 651 அல்ல. சத்திரப்பட்டிப் பக்கம் விசைத்தறி ஓட்டுகிறவர் ‘பேண்டேஜ்’, ‘காஸ்’ என்று தேடுகிறார். அறிக்கைகளில் ‘மருத்துவத் துணி’ என்று அச்சாகியிருக்கிறது. இந்த இரண்டையும் இணைக்கும் வரி எந்த அகராதியிலிருந்தும் எங்களுக்குக் கிடைக்கவில்லை. தறிக்காரர் ஒருவர் டீக்கடையில் சொல்லித்தான் சேர்த்தோம்.

விரித்த சொல்லுக்கு எவ்வளவு மதிப்பு? அடித்த சொல்லுக்கு 1 என்றால் எழுத்து வேறுபாட்டுக்கு 0.9, ஒத்த பொருளுக்கு 0.4 என்று வைத்தோம். வேதவாக்கு இல்லை, கையால் திருகித் திருகி வந்த எண்கள். இன்னொன்றும் செய்தோம்: முடிவுகளுக்கு மேலே ஒரு வரி, ‘கோதை, நாச்சியார் என்றும் தேடினோம், வேண்டாமென்றால் நீக்கலாம்’. மனித நூலகர் “எந்த ராஜாம்மா?” என்று கேட்டாரே, அதற்கு எங்களால் முடிந்த ஈடு.

அந்த மூதாட்டி மறுபடி வந்தாரா என்று கேட்பீர்கள். வந்தார். நேராக நூலகரிடம் போனார், கணினிப் பக்கமே திரும்பவில்லை. நாங்களே அவர் கேள்வியை அடித்துப் பார்த்தோம். ஆமுக்த மால்யதா இரண்டாவதாக வந்தது.

வெளியே மேசையில் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். மூன்று பத்தி போட்டிருக்கிறது: நீங்கள் சொல்லும் சொல், புத்தகத்தில் இருக்கும் சொல், அது ஆளா ஊரா பொருளா. போகும்போது ஆளுக்கு ஒரு வரி எழுதிவிட்டுப் போங்கள். பக்கத்து அணில் சரணாலயத்துக்கு வீட்டில் என்ன சொல்கிறீர்களோ அதை எழுதுங்கள். உங்கள் வீடுகளில் தெலுங்கில் மட்டும் புழங்கும் சொல்லானாலும் தமிழ் எழுத்தில் எழுதுங்கள். பால்கோவா ஏற்கெனவே எழுதியாயிற்று, அதை விட்டுவிடலாம்.